நடுப்பாத்தியில் கை வைக்காதே!

பிணம் இல்லை.

அதுதான் ராசம்மாளின் பிரச்சினை.

"பொணம் இருந்தா கொலை கேஸ். ஆள் கிடைச்சா திருட்டு கேஸ். ரெண்டுமே இல்லாம நான் என்னம்மா எழுதறது?"

சப்-இன்ஸ்பெக்டர் வைஜெயந்தி பேனாவை மேஜை மேல் போட்டாள். பத்து நாளாக அதே பெண், அதே நாற்காலி, அதே கேள்வி. யாருக்குத்தான் பொறுமை இருக்கும், சொல்லுங்கள்?

எதிரே ராசம்மாள். நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். விடிந்ததும் உப்புப் பாத்திக்குப் போய்விட்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். பாத வெடிப்புகளில் உப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தது.

"எருமை காணாமப் போயிருந்தாக்கூட இதுக்குள்ள தேடிப் புடிச்சிருப்பாங்க மேடம்."

"எருமை மேல புகார் கிடையாதும்மா. உன் வீட்டுக்காரர் மேல இருக்குது."

உண்மைதான். ராசம்மாளின் கணவன் பாவாடை, கடலோர ரோட்டில் இருக்கும் சிவப்பிரகாசம் பங்களாவில் ஆறு வருடமாகத் தோட்டக்காரன். பத்து நாளைக்கு முன் காலையில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாளே சிவப்பிரகாசம் வந்து ஏட்டிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அபூர்வமான வௌவால் பூச் செடி ஒன்றைத் திருடிக்கொண்டு பாவாடை ஓடிவிட்டான் என்று.

"வௌவால் பூவாம் வௌவால் பூ. கறுப்பா, ரெண்டு றெக்கை விரிச்சுக்கிட்டு, கீழ ஒரு முழத்துக்கு மீசை தொங்கும். அதைத் திருடி அந்தாளு இன்னா பண்ணுவாரு? என் தலையில வெச்சுவுட முடியுமா? சாமிக்குத்தான் போட முடியுமா?"

ஏட்டு ராஜவேல் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஆரோவில் பக்கம் போயிருப்பாரும்மா. அங்க கறுப்புப் பூவுக்குத்தான் கிராக்கி."

"நீங்க சும்மா இருங்க சார். நானே வயிறு எரிஞ்சு போயி உக்காந்திருக்கேன்."

ராசம்மாள் மடியிலிருந்து போனை எடுத்தாள். அழுத்தினாள். காதில் வைத்தாள்.

'நீங்கள் அழைக்கும் எண் தற்போது...'

வைத்துவிட்டாள். மீதி அவளுக்கு மனப்பாடம்.

"மேடம், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. என் மூஞ்சியப் பாத்து அந்தாளு 'சாப்டியா'ன்னு கேட்டதில்ல. ஆனா கூழாங்கல்லு மாதிரியே ஒரு செடி இருக்குது பாருங்க, அதுக்கு மாசத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணி. ரெண்டாவது ஸ்பூன் தவறி ஊத்திட்டாருன்னா அன்னிக்குச் சோறு இறங்காது அவருக்கு. அப்படிப்பட்ட மனுசன் செடியைத் திருடுவாரா?"

"அப்படிப்பட்ட மனுசன்தாம்மா திருடுவாரு" என்றார் ராஜவேல்.

ராசம்மாள் அவரைக் கண்ணாலேயே உப்புக் கண்டம் போட்டாள்.

"அவரு போகல மேடம். அந்தத் தோட்டத்துலயேதான் இருக்காரு."

"எங்க?"

"மண்ணுக்குள்ள."

ராஜவேல் ஃபைலை மூடினார்.

"தோட்டத்து நடுவுல ஒரு வட்டப் பாத்தி இருக்குது. தீவாளி லீவு முடிஞ்சு அவரு வேலைக்குப் போனப்போ புதுசா இருந்துதாம். பங்களா ஐயாவே தோண்டிப் போட்டது. 'நடுப்பாத்தியில கை வைக்காதே. எட்ட நின்னு தண்ணி மட்டும் ஊத்து'ன்னு அன்னிலேர்ந்து ஒரே ஆர்டர். நட்டதெல்லாம் செத்துப்போகுதுன்னு இவரு வீட்ல வந்து பொலம்புவாரு. என்னமோ இருக்குது அதுல. அந்த இடத்துலதான் எங்க வூட்டுக்காரரைப் போட்டுப் பொதைச்சிருக்காரு. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா பத்தாது. கோர்ட்டுக்குத் தெரியணும். ஒரு ஆதாரம்... ஒரே ஒரு ஆதாரம் கொண்டா. நானே மண்வெட்டி தூக்கறேன்."

எரிச்சலில் எழுந்து ஜன்னலிடம் போனாள் வைஜெயந்தி. அங்கே நான்கு தொட்டிகள். நான்கிலும் குச்சி. ஆசையாக வாங்கி வைத்தவை. மணி பிளான்ட் உட்பட எல்லாம் கருகிவிட்டன.

ராசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"போர் தண்ணி ஊத்தினீங்களா?"

"வேற எந்தத் தண்ணி?"

"போச்சு. இந்த ஊர்ல முட்டி ஆழம் வரைக்கும்தான் மேடம் நல்ல மண்ணு. அதுக்குக் கீழ எல்லாம் உப்பு. எங்க வூட்டுக்காரரு எந்தக் குழி எடுத்தாலும் முட்டியோட நிறுத்திடுவாரு. மழைத் தண்ணியப் புடிச்சு வெச்சு ஊத்தணும்."

கொலை கேஸ் கேட்டு வந்தவள் செடிக்கு வைத்தியம் சொல்கிறாள். வைஜெயந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்த பங்களாவுல தோட்டத்தைத் தொறந்து விடறாங்களாமே?"

"ஆமா மேடம். வருசா வருசம் மாசி மாசத்துல. யாரு வேணா போயிப் பாக்கலாம்."

"எனக்கு அன்னைக்கு லீவு. செடி பார்க்கப் போறதுக்கு வாரண்ட் வேணாம்னு நினைக்கறேன்."

* * *

ஞாயிறு. காலை பத்து மணி.

பங்களா வாசலில் ஏழெட்டு கார். புதுச்சேரியிலிருந்து வந்த பெண்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள், கழுத்தில் கேமராவோடு ஒருவர்.

சுடிதாரில் வந்திருந்த வைஜெயந்தியை யாரும் போலீஸ் என்று சொல்ல முடியாது. ராசம்மாள் கல்யாணம், காட்சிக்கென்று எடுத்து வைத்த புடவையைக் கட்டியிருந்தாள்.

சிவப்பிரகாசம் வைக்கோல் தொப்பியும் வெள்ளை ஜிப்பாவுமாக நின்றார். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். கையில் தண்ணீர்க் குழாய்.

"வாங்க, வாங்க. இதோ பாருங்க, மான்கொம்பு பெரணி. இதுக்கு மண்ணே வேண்டாம். பலகையில கட்டித் தொங்க விட்டா போதும். அந்தப் பக்கம் தொங்கறது குடுவைச் செடி. ஈ, எறும்பு எல்லாம் வழுக்கி உள்ள விழுந்துடும். சாப்பாட்டை அதுவே பார்த்துக்கும். என் தோட்டத்துல எல்லாத்துக்கும் மழைத்தண்ணிதான். கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள விடமாட்டேன்..."

பேச்சு நின்றது. ராசம்மாளைப் பார்த்துவிட்டார்.

"நீ எங்க வந்த? உன் புருஷன் தூக்கிட்டுப் போன செடியைத் திருப்பிக் கொடுக்க வந்தியா?"

கூட்டம் சிரித்தது. ராசம்மாளின் காது மடல் சிவந்தது.

"செடி பாக்க வந்தேன் ஐயா. பாக்கக் கூடாதா?"

"பாரு. கை மட்டும் வைக்காதே. உங்க வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியும்."

வைஜெயந்தி அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். 'பொறு' என்று அர்த்தம். பன்னிரண்டு நாளாகப் பொறுத்தவளிடம் இன்னும் எவ்வளவுதான் மிச்சம் இருக்கும், பாவம்.

நடந்தார்கள். கூழாங்கல் செடிகள் தட்டு நிறைய உட்கார்ந்திருந்தன. கல் என்று நினைத்துத் தாண்டினால், கல்லின் நடுவே மஞ்சள் பூ. புதுச்சேரிப் பெண்கள் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

அழுகிய மாமிச நாற்றம்.

ராசம்மாள் வைஜெயந்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மேடம்... வருதா? மூக்குல ஏறுதா? நான் சொன்னேன்ல... நான் சொன்னேன்ல..."

அலறிக்கொண்டே ஓடினாள். பூந்தொட்டியைத் தள்ளினாள். கல்லைப் புரட்டினாள். நாற்றத்தின் பின்னாலேயே போய் ஒரு பாறை ஓரத்தில் மண்டியிட்டாள்.

அங்கே பிணம் இல்லை.

ஒரு பூ இருந்தது. தட்டகலத்துக்கு. ஐந்து முனை நட்சத்திரம். மஞ்சள் தோலில் சிவப்பு வரி, மேலெல்லாம் மெல்லிய மயிர். நாலைந்து பச்சை ஈக்கள் அதில் உட்கார்ந்திருந்தன.

சிவப்பிரகாசம் நிதானமாக வந்து நின்றார்.

"பயப்படாதீங்க. இது நட்சத்திரக் கள்ளி மாதிரி ஒரு செடி. ஆப்பிரிக்கா. தேனீ வராத ஊர்ல ஈயைக் கூப்பிடறதுக்காகப் பிண வாசனை விடுது. வீட்டுல வெச்சா ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கணும். அவ்வளவுதான்."

கேமராக்காரர் ராசம்மாளையும் சேர்த்துப் படம் பிடித்தார்.

வைஜெயந்தி அவள் காதருகே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"போதும்மா. வா போயிடலாம். இவர் மேலதிகாரிகிட்ட ஒரு போன் போட்டா என்னைத் தூக்கி ராமேஸ்வரத்துல போட்டுடுவாங்க."

ராசம்மாள் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழக்கூட எரிச்சலாக இருந்தது. திரும்பினாள்.

நடுப்பாத்தி.

பத்தடி அகலத்தில் வட்டமாக, சுற்றிலும் வெள்ளைக் கல் அடுக்கி. உள்ளே முழ உயரத்துக்குக் கொத்துக் கொத்தாகச் செடி. சதைப்பிடிப்பான குட்டி இலை. பாதி பச்சை, பாதி ரத்தச் சிவப்பு. முன்னால் பளபளப்பாக ஒரு பெயர்ப் பலகை.

"ஆ... இதைக் கேக்கணும் நீங்க" என்றார் சிவப்பிரகாசம். குரலில் பெருமை வழிந்தது. "இது ரூபி கோரல். தென் ஆப்பிரிக்காக் கடற்கரைச் செடி. வெளிநாட்டுத் தொட்டி மண்ணுல விதையா வந்து தானா முளைச்சிருக்குது. தமிழ்நாட்டுல என்கிட்ட மட்டும்தான்."

"ஒரு கிளை கிடைக்குமா சார்?" என்றாள் ஒருத்தி.

"பார்க்கலாம்மா. ரொம்ப சென்சிட்டிவ்."

ராசம்மாள் குனிந்தாள். ஒரு கொத்தை ஒடித்தாள். வாயில் போட்டாள்.

நறுக்கென்று கடித்தாள்.

"ஏய்! என்ன பண்ற நீ?"

அவள் மென்றாள். விழுங்கினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"தென் ஆப்பிரிக்காவா? அட ஐயா, இது உமரி. எங்க பாத்தி வரப்புல மண்டிக் கெடக்கும். தெனமும் மிதிச்சிக்கினு போறோம். வேணும்னா கூடையில அள்ளிக்கினு வந்து போடறேன்."

கூட்டத்தில் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். சிவப்பிரகாசத்தின் முகம் கறுத்தது.

ஆனால் ராசம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் வைஜெயந்தியின் கையைப் பற்றினாள்.

"மேடம்... உமரி உப்பு மண்ணுலதான் வரும்."

"அதுக்கு?"

"இங்க ஊத்தறது மழைத்தண்ணி. மேல இருக்கறது நல்ல மண்ணு. அப்போ உப்பு எப்படி மேல வந்துச்சு?"

வைஜெயந்திக்கு ஜன்னலோரத் தொட்டிகள் ஞாபகம் வந்தன.

"முட்டி ஆழத்துக்குக் கீழ..."

"ஆமா மேடம். கீழ இருந்த உப்பு மண்ணை யாரோ வெட்டி மேல போட்டிருக்காங்க. செடி நட இவ்ளோ ஆழம் வேணாம். இடுப்பு ஆழம் தோண்டியிருக்கணும். அதான் நட்டதெல்லாம் செத்துச்சு. உமரி மட்டும் பொழைச்சுது. உள்ளூர்க்காரன் எவனும் இங்க அவ்ளோ ஆழம் தோண்ட மாட்டான். நீங்க ஆதாரம் கேட்டீங்கல்ல? இதோ."

வைஜெயந்தி உட்கார்ந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள். அடித்தண்டு கட்டை தட்டியிருந்தது.

"ராசம்மா. இது எத்தனை நாள் செடி?"

"கார்த்திகை மழைக்கு மொளைச்சிருக்கும். மூணு மாசத்துக்கு மேல."

"உன் வீட்டுக்காரர் காணாமப் போயி?"

"பன்னெண்டு நா..."



ராசம்மாள் அப்படியே வெள்ளைக் கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஒரே ஆதாரம். அதுவும் கையை விரித்துவிட்டது. மூன்று மாதச் செடிக்கு அடியில் பன்னிரண்டு நாள் பிணம் இருக்க முடியாது.

"அப்போ அவரு இங்க இல்லியா மேடம்? சந்தோசப்படறதா, தலையில அடிச்சுக்கறதா, ஒண்ணும் புரியலியே..."

ஆனால் வைஜெயந்தி எழுந்துவிட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

"சார், வீட்ல மேடம் இல்லையா?"

"ஞானாம்பாளா? ரிஷிகேஷ் போயிருக்காங்க. ஆசிரமம். மௌன விரதம். போன்கூட எடுக்க மாட்டாங்க."

"எப்போ போனாங்க?"

"தீபாவளிக்கு மறு..."

சிவப்பிரகாசம் நிறுத்திக்கொண்டார்.

கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"மௌனமாத்தான் இருக்காங்க சார்" என்றாள் வைஜெயந்தி. "எனக்குக் கேக்குது."

* * *

திங்கள். மதியம்.

தாசில்தார் குடை பிடித்து நின்றார். உப்பளத்து ஆட்கள் நான்கு பேர் உமரியை வேரோடு வாரிப் போட்டுவிட்டு மண்வெட்டியை இறக்கினார்கள்.

முட்டி ஆழம். மண் ஈரமானது.

தொடை ஆழம். பக்கவாட்டில் உப்புத் தண்ணீர் கசிந்தது.

இடுப்பு ஆழத்தில், செடிகளுக்கு மேல் கட்டும் பச்சை நிழல் வலை ஒன்று தெரிந்தது. சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

ராசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கணக்கு என்ன சொன்னாலும் மனசு கேட்கவில்லை.

"அவிழ்த்தாச்சும்மா. கண்ணைத் தொற" என்றார் ராஜவேல். இந்த முறை கேலி இல்லை. "உங்காளு இல்ல. பொம்பளை."

ஞானாம்பாள்தான். நாலு மாதமாகியும் உப்பு அவளைக் கெடவிடவில்லை. கழுத்தில் இறுகியிருந்த குழாய்த் துண்டு கூட அப்படியே இருந்தது.

சிவப்பிரகாசம் ஜீப் அருகே உட்கார்ந்திருந்தார். கையில் விலங்கு. தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது.

"பங்களா அவ பேர்ல இருக்குது. வித்துட்டு மெட்ராஸுக்கே போயிடலாம்னா. செடிங்களை என்ன பண்றதுன்னு கேட்டேன். 'குப்பையில போடு'ன்னா. பத்து வருஷம் மேடம். பிள்ளை மாதிரி வளர்த்தேன். குப்பையில போடுன்னா..."

"பாவாடை எங்க?"

"தெரியாது."

"சார்."

"சத்தியமாத் தெரியாதும்மா. வௌவால் பூவையும் அந்தப் பாத்தியிலதான் வெச்சேன். அதுவும் வாடிப்போச்சு. 'மண்ணு சரியில்லைங்க, மூணடி வெட்டி எடுத்துட்டு வேற மண்ணு போடலாம்'னு தினமும் வந்து நச்சரிச்சான். எனக்கு வேற வழி தெரியல. 'நீ உப்பளம் வழியா உப்புக் காலோட வந்து கழுவின தண்ணிதான் செடியைக் கொன்னுடுச்சு. போலீஸ்ல சொல்லப்போறேன்'னு மிரட்டினேன். மறுநாள் ஆளையும் காணோம், செடியையும் காணோம். அதுதான் நடந்தது."

"பொய்!" ராசம்மாள் பாய்ந்தாள். "பொண்டாட்டியைப் பொதைச்சவன் தோட்டக்காரனை வுட்டுவெப்பியா? சொல்லுய்யா. இன்னொரு குழி எங்க?"

மண்வெட்டியைப் பிடுங்கினாள். கூழாங்கல் செடித் தட்டு தெறித்தது. குடுவைச் செடி அறுந்து விழுந்தது. சிவப்பிரகாசம் கதறினார். நேற்று முழுக்க விசாரணையில் அழாத மனிதர் இப்போது அழுதார். பெண்டாட்டிக்காக அல்ல.

"ராசம்மா, நில்லு. சொல்றதைக் கேளு..."

"நான் நிக்க மாட்டேன் மேடம். பதிமூணு நாளா நின்னுட்டேன்!"

அடுத்த வெட்டு நட்சத்திரப் பூவின் மேல் இறங்க இருந்தது.

போன் அடித்தது.

அவள் மடியில்.

புது நம்பர். அழுத்தினாள்.

"ராசம்மா... கத்தாதே. நான்தான்."

மண்வெட்டி கீழே விழுந்தது.

"எ... எங்கயா இருக்கிற?"

"ஆரோவில்லுக்குப் பக்கத்துல. நம்ம வேல்முருகன் நர்சரியில. வௌவால் பூவைக் கெழங்கோட எடுத்துக்கினு வந்துட்டேன். அதைச் சாகடிச்சுட்டு ஐயா மூஞ்சில முழிக்க முடியுமா? மழைத்தண்ணியில கழுவி, தேங்கா நார்ல வெச்சு, பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தேன். போன் தண்ணித் தொட்டியில விழுந்துடுச்சு. ராசம்மா... இன்னிக்குக் காலையில துளிர் வுட்டுடுச்சு. ரெண்டு எல! ஐயாகிட்ட சொல்லிடு. கோச்சுக்க வேணாம்னு சொல்லு."

ராசம்மாள் போனைக் காதில் வைத்தபடியே திறந்து கிடந்த குழியைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. நடுப்பாத்தியில உமரி மொளைச்சிருக்குது, புடுங்கட்டுமான்னு கேட்டேன். எனக்கே செடி பாடம் எடுக்கிறியான்னு ஐயா கத்தினாரு. அதை மட்டும் நீ எப்படியாவது..."

"வூட்டுக்கு வாயா" என்றாள் ராசம்மாள், மிக மிக மெதுவாக. "சாயங்கால பஸ்ஸுல வந்துடு."

போனை வைத்தாள்.

ராஜவேல் தொண்டையைச் செருமினார். "ஆரோவில் பக்கம்னு நான் மொத நாளே சொன்னேன்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை.

வைஜெயந்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "கொலைகாரர் குடுத்த புகார்... அது மட்டும் உண்மை. செடியைத் திருடினது நிஜமாவே உன் வீட்டுக்காரர்தான்." பெருமூச்சு விட்டாள். "சரி, ஆள் கிடைச்சாச்சு. காணாமப் போன கேஸை முடிச்சுடலாமா ராசம்மா?"

ராசம்மாள் கீழே கிடந்த மண்வெட்டியைக் குனிந்து எடுத்தாள். முனையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துவிட்டாள். தோளில் சாத்திக்கொண்டாள்.

"பொணம் இல்லைன்னுதானே மேடம் இத்தனை நாளா கொலை கேஸ் எழுதாம உக்காந்திருந்தீங்க? அந்தாளு சாயங்கால பஸ்ஸுல வர்றாரு... பேனாவை எடுத்து வெச்சுக்கோங்க."